ஹெச்.ஓ.டி கையெழுத்தா, புராஜெக்ட் கைடு கடிதமா? எல்.ஓ.ஆர் கேட்கும் முன் இதைப் படிங்க!

"நீயே டிராஃப்ட் பண்ணிட்டு வாப்பா, சைன் போட்டுத் தர்றேன்." அமெரிக்காவில் எம்.எஸ் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்கள் பலரும் கல்லூரியில் கேட்டிருக்கும் வசனம் இது. வேலை ஈஸியாக முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால், சிக்கல் தொடங்குவதே இங்கேதான்.

முதுநிலைப் படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கின்றன. மார்க் ஷீட் எண்களைச் சொல்கிறது. எஸ்.ஓ.பி-யில் மாணவர் தன்னைப் பற்றித் தானே பேசுகிறார். அவரை நேரில் பார்த்த இன்னொருவர் பேசுவது எல்.ஓ.ஆரில்தான். கிட்டத்தட்ட ஒரு சாட்சி வாக்குமூலம்!

யாரிடம் கேட்கலாம்?

பதவி பெரிதென்றால் கடிதமும் கனமாக இருக்கும் என்பது பலரின் நம்பிக்கை. ஆனால், நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்க்கும் ஹெச்.ஓ.டி-க்கு உங்கள் பெயரே நினைவில் இல்லையென்றால், "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்பதைத் தாண்டி அவரால் என்ன எழுத முடியும்? ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் உடனிருந்த அசிஸ்டென்ட் புரொபசரிடம் எழுத விஷயம் இருக்கும்.

எது வலுவான வரி?

"மிகத் திறமையானவர்" என்ற வரி யாருக்கும் பொருந்தும். "சென்சார் தப்பான அளவு காட்டியபோது, அந்த டேட்டாவை நீக்கிவிடலாம் என்றது டீம். இவர் இரண்டு நாள் லேபில் உட்கார்ந்து, வயரிங்கில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்தார்" என்பது ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். இப்படி ஒரு சம்பவம், பத்து அடைமொழிகளைவிட அதிகம் பேசும்.

'நீயே எழுது' என்றால்?

மூன்று பேரும் அப்படிச் சொன்னால், மூன்று கடிதங்களும் ஒரே குரலில் இருக்கும். எஸ்.ஓ.பி-யும் அதே நடையில் இருந்தால், படிப்பவருக்குச் சந்தேகம் வரும். பொதுவாக, பேராசிரியரின் மெயிலுக்கு வரும் லிங்க்கில் அவரேதான் கடிதத்தை அப்லோட் செய்ய வேண்டும். மாணவரே எழுதியது தெரிந்தால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

அதனால், "சார், பாயின்ட்ஸ் நான் தர்றேன். நீங்க உங்க வார்த்தையில எழுதினா நல்லாருக்கும்" என்று பணிவாகக் கேளுங்கள். புராஜெக்ட்டில் என்ன செய்தீர்கள், எங்கே திணறினீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். ரெஸ்யூமே, எஸ்.ஓ.பி, கடைசித் தேதிகளையும் சேர்த்துக் கொடுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் பரவாயில்லை; நேரில் பார்த்த விவரம் இருந்தால் போதும்.

அந்த 'வெய்வர்' கேள்வி

1974-ல் வந்த 'ஃபெர்பா' சட்டப்படி, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவர், தன் கோப்பில் இருக்கும் பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கக் கேட்கலாம். அந்த உரிமையை விட்டுத்தருகிறீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். 'ஆம்' என்பதே பொதுவான ஆலோசனை. பேராசிரியர் மனம்விட்டு எழுதியிருப்பார் என்ற நம்பிக்கையை அது தரும்.

எப்போது கேட்பது?

'ஃபால்' சேர்க்கைக்குப் பல பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியில் வரும். இங்கே செமஸ்டர் தேர்வு, பேப்பர் திருத்தும் வேலை எல்லாம் அதையொட்டித்தான் இருக்கும். எனவே, செப்டம்பரிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கேட்கும்போது, "என்னைப் பற்றி ஸ்ட்ராங்கா எழுத முடியுமா மேடம்?" என்றே கேளுங்கள். அவர் தயங்கினால், நன்றி சொல்லிவிட்டு வேறொருவரை அணுகுங்கள். பட்டும்படாமல் எழுதிய கடிதம் போய்ச் சேர்வதைவிட, அந்தத் தயக்கம் முன்பே தெரிந்துவிடுவது உங்களுக்கு நல்லது.