பூனை சாப்பிட்டுச்சா ஆச்சி?

கோட்டையூரில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு இன்சுலின் அன்றாடச் சரக்கு. ஆனால் பூனைக்கென்று இன்சுலின் சீட்டோடு வந்தவர் பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர்தான். சீட்டில் இருந்தது நம் ஆட்களுக்கு எழுதும் அதே கிளார்ஜின். நமக்குப் பெரும்பாலும் ராத்திரி ஒரு வேளை போடுவதைப் பூனைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடச் சொல்லியிருந்தார் மருத்துவர். பூனை உடம்பில் அந்த மருந்தின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும்.

வயதான, குண்டான, காயடித்த கடுவன் பூனைகளுக்குத்தான் சுகர் அதிகம் வருகிறது. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், மண் தட்டு நனைந்தே கிடக்கும், நன்றாகத் தின்றும் முதுகெலும்பு துருத்தும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து ஊசியைத் தொடங்குவதில்லை. கூடையில் அடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறிவிடும். அதனால் சிறுநீரையும், கடந்த ஓரிரு வாரச் சர்க்கரையைக் காட்டும் ஃபிரக்டோசமினையும் பார்ப்பார்கள்.

ஆச்சிக்கு ஊசி குத்துவதில் பயமில்லை. வீட்டு ஐயாவுக்குப் போட்டுப் பழகிய கை. ஆச்சியை அலைக்கழித்தது நேரம். காலை ஆறரைக்கு போன் வரும். "தம்பி, இன்னிக்கு மீனை மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. போடவா, வேண்டாமா?"

இந்தக் கேள்விக்குக் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. முதலில் சாப்பாடு, அப்புறம் மீட்டர், கடைசியில்தான் மணி. சாப்பிடாத பூனைக்கு முழு அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, தள்ளாடி, வலிப்பு வந்து செத்தும் போகலாம். ஒரு வேளை ஊசி தவறினால் அன்றைக்குச் சர்க்கரை ஏறும், அவ்வளவுதான். அதற்காக அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடக் கூடாது. பாதி மருந்து ரோமத்தில் வழிந்த மாதிரித் தெரிந்தாலும் மறுபடி குத்தக் கூடாது. ஒரு மணி நேரம் முன்பின் ஆவதற்கெல்லாம் பதற வேண்டியதில்லை.

ஆனால் தின்னாததோடு வாந்தியும் எடுத்துச் சுருண்டு படுத்தால், ஊசியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்தாலும் இப்படித்தான் கிடக்கும். உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க ஆச்சி ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். ஊசிக்கு முன் மீட்டர் 200க்குக் கீழ் காட்டினால் போடாமல் தன்னைக் கூப்பிடும்படி பூனையின் மருத்துவர் சொல்லியிருந்தார். சில பூனைகளுக்குச் சில மாதங்களில் கணையம் தேறி, இன்சுலினே தேவைப்படாமல் போகும். போன மாதம் சரியாக இருந்த அளவு இந்த மாதம் அதிகமாகிவிடும். சோற்றை நிறுத்தி மீனும் கோழியுமாக மாற்றினாலும் சர்க்கரை இறங்கும். உணவை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்பது அதற்காகத்தான். சர்க்கரை தாழ்ந்து தள்ளாடினால் தேனையோ குளுக்கோஸையோ ஈறில் தடவலாம். வாயில் ஊற்றினால் புரையேறும்.

கடைக்காரனாக எனக்குப் பெரிய பயம் சிரிஞ்சில்தான். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வலுவில் வருகிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. ஆச்சி வீட்டில் ஐயாவுடைய சிவப்பு மூடி சிரிஞ்சு பெட்டியோடு இருந்தது. அதில் 100 யூனிட் வலுவுள்ள கிளார்ஜினை ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஐயாவுக்கு அது தூசு. பூனைக்குப் பெரும்பாலும் ஒரு யூனிட்டில்தான் தொடங்குவார்கள். இரண்டு பெட்டியையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

மருந்து ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃபிரீசரில் உறைந்துவிடக் கூடாது. சித்திரை வெயிலில் ஜன்னலோரம் கிடந்து வலு குறைந்த மருந்தை நம்பி அளவு கூட்டுவது ஆபத்து.

ஆச்சியும் மருமகளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போட்டுவிடக் கூடாதே என்று, வளவுத் தூணில் தொங்கும் காலண்டரில் நேரம், தின்ற அளவு, மீட்டர் எண், போட்டவர் பெயர் எல்லாம் எழுதுகிறார்கள். என் கடைக்கு வரும் சுகர்க்காரர்களில் பாதிப் பேர் காலையில் மாத்திரை போட்டோமா என்று என்னிடம் கேட்கிறார்கள்.