ரசம் வற்றினால் வெள்ளி மின்னும்

“பழைய காரைப் புதுப்பித்து ஏலத்துக்குக் கொண்டுவரும்போது, பிறந்தபோது இருந்த அதே நிறம் என்று எழுதுகிறார்கள். எழுபது வருடத்துக்கு முந்தைய நிறம் எப்படித் தெரியும்? போட்டோவைப் பார்த்தா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏலச் செய்தியில் அவர் படித்தது மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் பற்றி. கதவுகள் பறவைச் சிறகைப் போல மேலே தூக்கித் திறக்கும் கார். 1954 பிப்ரவரியில் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. 1957 வரை அந்தச் சிறகுக் கதவு வடிவில் 1,400 வண்டிகள்தான் தயாராயின. அந்தக் கார் என்றதும் நினைவுக்கு வருவது வெள்ளி நிறம்.

நிறத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு வண்டிக்கும் தொழிற்சாலையில் ஒரு விவர அட்டை எழுதிவைத்தார்கள்; அதில் பெயின்ட் குறியீடு இருக்கும். இந்தக் காரின் வெள்ளிச் சாம்பலுக்கு டிபி 180 என்று பெயர். குறியீடு தெரிந்துவிட்டது, கடையில் கலந்து வாங்கி அடிக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் டிபி 180 அடித்த இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் தெரியக்கூடும். இரண்டிலும் குறியீடு சரிதான். பிறகு எது மாறியது? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

வெள்ளி நிறப் பெயின்டில் வெள்ளி கிடையாது. இருப்பது பொடிப்பொடியான அலுமினியத் தகடுகள். ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 40 மைக்ரான் அகலம். தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அப்பளத்தைப் போல அகலமும் மெலிவுமாக இருக்கும் இந்தத் தகடு ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி. சிவப்பு, கிரீம் போன்ற சாதாரண பெயின்ட் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். எங்கே நின்று பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே நிறம். கண்ணாடியோ ஒளியை ஒரே திசையில் திருப்பும். தகடுகள் எல்லாம் தட்டையாகப் படுத்திருந்தால் நேரே பார்க்கும்போது பளபளக்கும், பக்கவாட்டில் போனால் இருண்டுவிடும். ஆளுக்கொரு திசையில் சாய்ந்திருந்தால் நேரே பார்க்கையில் மங்கும், பக்கவாட்டில் சாம்பல் பூக்கும். ஆக, நாம் காணும் நிறம் தகடுகள் படுத்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. இவ்வளவு நுண்ணிய தகடுகளை யார் படுக்க வைப்பது? பெயின்ட் காய்வதுதான் படுக்க வைக்கிறது.

அடுப்பில் கொதிக்கும் ரசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை நட்டுக்கொண்டும் சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடக்கிறது. தீயைக் குறைத்து அப்படியே விடுங்கள். ரசம் வற்ற வற்ற அதன் உயரம் குறைகிறது; சட்டியின் அகலம் குறைவதில்லை. நிமிர்ந்து நின்ற இலைக்கு நிற்க இடமில்லை, சாய்கிறது. கடைசியில் சட்டியின் அடியில் இலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, கூரை வேய்ந்ததுபோல ஒட்டிக்கிடக்கும். ஸ்பிரே கன்னிலிருந்து வந்து தகரத்தில் விழும் பெயின்டிலும் இதே கதை. விழும்போது அதில் பெரும்பங்கு தின்னர். தின்னர் ஆவியாகப் போனதும் பூச்சின் உயரம் இறங்குகிறது. தகரத்தோடு ஒட்டியிருப்பதால் அகலத்தில் சுருங்க வழியில்லை. அதனால் தகடுகள் அழுத்தப்பட்டுத் தட்டையாகின்றன.

இந்த ரசத்தை இன்னும் கொஞ்சம் கொதிக்கவிடலாம். 1950-களின் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் தெளிவு ரசம். தின்னர் நிறைய, திடப்பொருள் கொஞ்சம். நன்றாக வற்றும், தகடுகளும் நன்றாகப் படுக்கும். பிற்காலத்தில் காற்று மாசைக் குறைக்கச் சட்டங்கள் வந்தன, தின்னர் போன்ற கரைப்பானைக் குறைத்தார்கள், ரசம் சாம்பாராகக் கெட்டிப்பட்டது. பருப்பில் சிக்கிய இலை லேசில் படுக்காது. அதற்கு வேதியியலாளர்கள் மாற்று வழிகள் கண்டார்கள்: தகடு உள்ள அடுக்கை மெல்லியதாக்கினார்கள், கரைப்பானுக்குப் பதில் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பலன் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அது வேறு சமையல், அதே ருசி வராது.

இலையும் மாறிவிட்டது. அந்தக் காலத் தகடுகள் உருளும் குண்டுகளுக்கு இடையே அலுமினியத் தூளை நசுக்கிச் செய்தவை. ஓரம் கிழிந்து பிசிறாக இருக்கும். தொழிலில் இதற்குக் கார்ன்ஃப்ளேக் என்றே பெயர். ஒவ்வொரு பிசிறும் ஒளியைச் சிதறடித்து வெள்ளியைச் சற்றே சாம்பலாக்கும். பிறகு வந்தவை ஓரம் வழவழப்பான வட்டத் தகடுகள், சில்வர் டாலர் என்பார்கள். கிள்ளிப்போட்ட இலைக்கும் முழு இலைக்கும் உள்ள வித்தியாசம். முழு இலை அதிகம் மின்னும். புதுப்பித்த பழைய கார்கள் சில, சாக்லேட் சுற்றிய தாளைப்போலக் கண்ணைப் பறிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மினுமினுப்பைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வண்டிக்கு அப்படி ஒரு முகம் இருந்ததே இல்லை.

சமைப்பவரின் கைக்கும் இதில் பங்குண்டு. கன்னைக் கிட்டே பிடித்து ஈரமாக அடித்தால் பூச்சு வெகுநேரம் திரவமாகவே இருக்கும். தகடுகள் அலைந்து தாறுமாறாக நிற்கும், நிறம் கருக்கும். தள்ளிப் பிடித்து, காற்றழுத்தம் கூட்டி, வறட்டாக அடித்தால் நிறம் வெளுக்கும். டப்பா ஒன்றுதான், நிறம் இரண்டு. வெள்ளி நிறக் காரில் ஒரு கதவை மட்டும் பட்டறையில் அடித்து வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நேரே பார்த்தால் ஒட்டிப்போகும், பக்கவாட்டில் அந்தக் கதவு தனியே தெரியும்.  கதவைக் கழற்றி மேஜையில் கிடத்தி அடிப்பதும் வண்டியில் மாட்டி அடிப்பதும் ஒன்றாகாது.

வெள்ளி நிறத்தின் வரலாற்றையும் ஒரு பத்தி சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் பந்தயக் கார்களின் நிறம் வெள்ளை. 1934-இல் நூர்பர்க்ரிங் பந்தயத்துக்கு முன் மெர்சிடிஸ் காரின் எடை 750 கிலோ வரம்பைத் தாண்டியதால் இரவோடிரவாகப் பெயின்டைச் சுரண்டினார்கள், அலுமினியம் வெளிப்பட்டது, அந்தப் பந்தயக் கார்களுக்கு வெள்ளி அம்பு என்ற பெயர் பிறந்தது என்பது கதை. மெர்சிடிஸ் அணியின் மேலாளர் ஆல்ஃபிரெட் நாய்பவர் பரப்பிய கதை இது. வரலாற்றாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. 1932-லேயே பெர்லின் ஆவுஸ் பந்தயத்தில் பெயின்ட் இல்லாத மெர்சிடிஸ் ஒன்று ஓடி ஜெயித்தது. கதை இனிமையானது என்பதற்காக ஒரு நிறத்துக்கு அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

சான்று வண்டியிலேயே இருக்கிறது. வெயிலும் பாலிஷ் துணியும் எட்டாத இடத்தைத் தேட வேண்டும்: கதவு ரப்பருக்கு அடியில், டேஷ்போர்டுக்குப் பின்னால், விளக்குக் கிண்ணத்தின் விளிம்பில். ஒரு ரூபாய் அளவு இடத்தில் நைசான வாட்டர் பேப்பரை நனைத்து மெதுவாக வட்டமாகத் தேய்க்கிறார்கள். பின்னாளில் அடித்த சிவப்பு வெளிவட்டம். உள்ளே ஒரு பிரைமர் வளையம். அதற்குள் இன்னொரு நிறம். நடுவில் நகக்கண் அளவு வெள்ளிச் சாம்பல். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல வண்டியின் வாழ்க்கை முழுவதும் அந்த வட்டங்களில் தெரியும்.

அதையும் உடனே நம்பிவிடக் கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் நாளாக ஆக மஞ்சளிக்கும். வெள்ளிமேல் மஞ்சள் படிந்தால் ஷாம்பேன் நிறம்போல ஏமாற்றும். மேல்தோலை லேசாகப் பாலிஷ் செய்து எடுக்க வேண்டும். மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்டாக இருந்தால் துணியில் சாம்பல் கறை ஒட்டும். அந்தக் கறை அலுமினியத் தகடுகள்தான். நாலு தேய்ப்பு கூடினால் சான்றே துணியோடு போய்விடும். பிறகு பல கோணங்களில் நிறம் அளக்கும் கருவியை வைக்கிறார்கள். கண்ணாடிபோல் ஒளி திரும்பும் திசையிலிருந்து 15, 25, 45, 75, 110 பாகை தள்ளி ஐந்து அளவுகள். அந்த ஐந்தும் பொருந்தும்வரை மாதிரித் தகரங்களில் அடித்து அடித்துப் பார்க்கிறார்கள். கலவையோடு கன்னின் தூரம், அழுத்தம், எத்தனை கோட் என்பதையும் எழுதிவைக்கிறார்கள். கடைசியில் தகரத்தை வெளியே கொண்டுபோய், வண்டியைச் சுற்றி நடந்து கண்ணால் பார்த்த பிறகே முடிவு.

இனி வாசகர் கேட்ட போட்டோ. கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து மூல நிறத்தைச் செயற்கை நுண்ணறிவு மீட்டுத்தரும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பழைய ஃபிலிம் வகைகள் சிலவற்றுக்குச் சிவப்பே தெரியாது. சிவப்புக் காரும் கறுப்புக் காரும் அதில் ஒன்றுபோல விழும். படத்தில் பதியாத தகவலை எந்த மென்பொருளும் மீட்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். செல்போனைக் காட்டினால் நிறம் சொல்லும் செயலியும் ஒரு கோணத்தையும் ஒரு வெளிச்சத்தையும்தான் பார்க்கிறது. வெள்ளிக்கு அது போதாது.

ஏல அட்டவணையில் மூல நிறம் என்று இருந்தால் மூன்றைக் கேளுங்கள்: தொழிற்சாலை விவர அட்டை, சுரண்டிப் பார்த்த இடம், மாதிரித் தகரம். மூன்றையும் காட்டுபவர் தேர்ந்தெடுத்த நிறத்தை நான் நம்புவேன். நல்ல புதுப்பிப்பாளர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். வண்டி முழுக்க அடித்து முடித்த பிறகும் ரப்பருக்கு அடியில் இருக்கும் அந்த ஒரு ரூபாய் வட்டத்தின்மேல் பெயின்ட் படாமல் விட்டு, ரப்பரை மாட்டி மூடிவிடுகிறார்கள். இன்னும் ஐம்பது வருடம் கழித்து வேறொருவர் ரப்பரைக் கழற்றுவார். நம்முடைய வெள்ளி சரியா தவறா என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும்.