தோல் வறட்சியும் வீட்டுப் பணிப் பெண்களும்

தில்லியின் தென்கிழக்குப் பகுதியில், ஜங்புராவை அடுத்துப் பாராபுல்லா வடிகாலின் கரையில் அமைந்திருந்த மதராசி கேம்ப், உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1ஆம் நாள் அகற்றப்பட்டது. ஏறக்குறைய 370 குடிசைகள் கொண்ட அக்குடியிருப்பில் வாழ்ந்தோர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்களும் அவர்தம் வழியினரும் ஆவர். 189 குடும்பங்கள் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை எனத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டு, நகரின் வட எல்லையிலுள்ள நரேலாவில் அவற்றுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. வீடு, பள்ளி, போக்குவரத்து ஆகியவை பற்றி நாளேடுகள் விரிவாகவே எழுதின. அக்குடியிருப்பின் பெண்களில் பலர் சுற்றுப்புறத்து வீடுகளில் பாத்திரம் துலக்கியும், துணி துவைத்தும், தரை துடைத்தும் பொருள் ஈட்டியவர்கள். அத்தகைய பெண்களின் கைகளைப் பற்றியது இக்கட்டுரை.

கை வறண்டு, சிவந்து, விரற்கணுக்களில் வெடித்து, உப்புப் பட்டால் எரியும் நிலை இத்தொழிலில் இருப்போருக்குப் புதியதன்று. தில்லியின் குளிர்காலத்தில் இத்தொல்லை கைகளோடு நில்லாமல் கால், முகம், முதுகு எனப் பரவுவதும் உண்டு. வறண்ட தோலைக் கண்டவுடன் நம்மில் பலர் செய்வது யாது? அழுக்குப் போகவில்லை என்று கருதி மேலும் தேய்க்கிறோம். அரிப்பு அடங்குமென்று கொதிக்கும் நீரை ஊற்றிக்கொள்கிறோம். மருந்துக்கடையில் யாரோ சொன்ன களிம்பை வாங்கிப் பூசுகிறோம். மூன்றும் நோயை வளர்ப்பவை. தோலுக்கு எதைப் புதிதாகச் சேர்ப்பது என்று எண்ணுமுன், இப்போது செய்துவருவனவற்றுள் எதை நிறுத்துவது என்று பார்ப்பதே முறை.

தோல் என்னும் சுவர்

தோலின் மேற்புறத்தில் தாளினும் மெல்லிய ஒரு படலம் உள்ளது. உடலின் பெரும்பகுதியில் இதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. இறந்த, தட்டையான உயிரணுக்கள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டிருக்க, அவற்றினிடையே சுண்ணச்சாந்து போலக் கொழுப்புப் பொருள்கள் நிரம்பியிருக்கின்றன. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் இச்சாந்தின் முக்கியக் கூறுகள். உடலின் நீர் வெளியே ஆவியாகிப் போகாமலும், வெளிப்பொருள்கள் உள்ளே நுழையாமலும் காப்பது இச்சுவரே. சாந்து கரைந்தால் நீர் கசிகிறது. தோல் இறுகிப் பிளக்கிறது. பிளவின் வழியே சலவைத்தூளும் மிளகாய்க் காரமும் உட்புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன.

நலமான தோலின் மேற்பரப்பு சற்றே புளிப்புத் தன்மை உடையது. ஜெர்மானிய மருத்துவர்களான ஷாடேயும் மார்க்கியோனினியும் இதனை 1928இல் ‘அமிலப் போர்வை’ என்று பெயரிட்டு விளக்கினர். அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவுகோலில் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 என்ற அளவில் நிற்க, சாதாரணச் சோப்பின் கரைசல் 9 அல்லது 10 வரை செல்கிறது. சலவைத்தூளின் கரைசல் அதனினும் காரமானது. ஒருமுறை சோப்பிட்டுக் கழுவினால் அமிலப் போர்வை சில மணி நேரத்தில் மீண்டுவிடும். மீள்வதற்குள் அடுத்த வீட்டின் பாத்திரங்கள் வந்துவிட்டால்தான் தொல்லை.

தில்லிக் காற்று

தமிழ்நாட்டில் ஒரு குறையும் இல்லாதிருந்த தோல் தில்லிக்கு வந்தபின் ஏன் வெடிக்கிறது என்ற வினா பொருளுடையது. மூடுபனி சூழ்ந்த தில்லியின் விடியற்காலையில் காற்றின் ஈரப்பத விழுக்காடு மிக உயர்ந்தே காணப்படும். அந்த விழுக்காட்டைக் கண்டு ஏமாறலாகாது. குளிர்ந்த காற்று நீராவியைக் குறைவாகவே கொள்ளும். 7 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று, முற்றிலும் நிறைந்திருந்தாலும், 8 கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்காது. சென்னையில் அதே மாதத்தில் 25 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்குமாயின், ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 17 கிராம் நீராவி உண்டு. குளிர்ந்த காற்று நம் உடலை ஒட்டி வெப்பமடையும்போது நீருக்கு ஏங்கும் காற்றாகிவிடுகிறது. அந்நீரைத் தோலிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. மே மாதத்தில் வீசும் ‘லூ’ என்னும் வெப்பக்காற்றும் இதையே வேறு வழியில் செய்கிறது. ஆகவே சென்னையில் நாள்தோறும் இருமுறை சோப்பிட்டுக் குளித்தவர், சனவரித் தில்லியிலும் அவ்வாறே குளிப்பது தோலுக்கு ஏற்றதன்று.

குளியலில் செய்யவேண்டிய மாற்றம் எளியது. நீர் வெதுவெதுப்பாக இருத்தல் போதும். ஐந்து முதல் பத்து நிமிடங்களில் குளித்து முடித்தல் நலம். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பிட்டு, கை கால்களையும் முதுகையும் வெறும் நீரால் கழுவலாம். நாரும் கல்லும் கொண்டு தேய்ப்பதைக் குளிர்காலத்தில் விட்டுவிட வேண்டும். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் காயுமுன், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் எண்ணெயோ களிம்போ பூசவேண்டும். காய்ந்தபின் பூசினால், அடைத்து வைக்க உள்ளே நீர் இராது.

சோப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குழப்பம் நிலவுகிறது. உறையின்மேல் அச்சிட்டுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு உயர்ந்திருந்தால் சோப்பு மென்மையானது என்று பலரும் எண்ணுகின்றனர். இந்தியத் தர நிர்ணயத்தில் முதல்தரக் குளியல் சோப்புக்கு 76 விழுக்காடு என்பது குறைந்தபட்ச அளவு. இது சோப்பின் அடர்த்தியையும் உழைப்பையும் காட்டும், காரத்தன்மையைக் காட்டாது. எரிச்சல் மிகுந்த தோலுக்குச் சோப்பல்லாத, மணமற்ற, அமிலச் சமன் செய்யப்பட்ட கட்டிகள் ஏற்றவை. ஆனால் விலை மிகுதி. அதை வாங்க இயலாதவர் சோப்பின் அளவைக் குறைத்தே பெரும்பயன் அடையலாம். பழங்காலத்துச் சாம்பலே சிறந்தது என்பாரும் உளர். சாம்பலில் இருப்பதும் காரமே. கைக்கு அது எவ்வகையிலும் சலவைச் சோடாவினும் இனியதன்று.

எதைப் பூசுவது?

தேங்காய் எண்ணெய் இதற்குப் போதுமானது. 2004இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில், வறண்ட தோலுடைய 34 பேரிடம் தூய தேங்காய் எண்ணெயும் கனிம எண்ணெயும் ஒத்த பயனை அளித்தன. வடநாட்டில் வழக்கிலுள்ள கடுகெண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. எலிகளிடம் நடத்திய சோதனையில் அது தோற்சுவர் மீள்வதைத் தாமதப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் விரைவுபடுத்தியது. அண்டை வீட்டார் பரிந்துரைத்தாலும், வெடித்த தோலில் கடுகெண்ணெயைத் தவிர்ப்பதே தக்கது.

ஆழமாக வெடித்த கைக்குப் பெட்ரோலியம் ஜெல்லிக்கு நிகரானது அரிது. 1872இல் அமெரிக்காவில் செஸ்பரோ என்பார் காப்புரிமை பெற்ற இப்பொருளில் நீரோ, மணமோ, பதப்படுத்தும் மருந்தோ இல்லை. ஆகவே ஒவ்வாமை தோன்றுவது மிக அரிது. பிசுபிசுப்பே அதன் குறை. இரவில் பூசிப் பழைய பருத்திக் கையுறையையோ காலுறையையோ கையில் அணிந்து உறங்கலாம். எண்ணெயும் ஜெல்லியும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். அவற்றோடு அடுப்பருகே செல்லலாகாது. யூரியா கலந்த களிம்புகள் தடித்த குதிகாலுக்கு நல்லவை. வெடிப்பில் பட்டால் எரியும்.

இடக்கையின் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனி மட்டும் உரிந்து வெடித்தால் பூண்டை ஐயுறவேண்டும். வலக்கையில் கத்தி பிடிப்போர் பூண்டைப் பற்றுவது அவ்விரல்களாலேயே. இது ஒவ்வாமை, பூண்டைத் தொடும்வரை நீங்காது.

களிம்பு என்னும் கண்ணி

வறட்சிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடைகளில் கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது வழக்கம். முகத்தை வெளுப்பாக்கும் என்ற ஆசையிலும் அவை பூசப்படுகின்றன. இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் மறைந்துவிடுவதால் அதன்மேல் நம்பிக்கை பிறக்கிறது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருக்கள் எழுந்து, நிறுத்தியவுடன் முன்னிலும் கொடிய எரிச்சல் மூளுகிறது. படர்தாமரையின்மேல் பூசினால் அது அடங்கியதுபோல் தோன்றி உள்ளூரப் பரவும். நாட்டின் 12 மையங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத் தோல் நோய்களுக்காக வந்த 2,926 பேரில் 433 பேர் இத்தகைய மருந்தைப் பயன்படுத்தி வந்தது தெரியவந்தது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் வந்தபின்னும் கடைக்காரரிடம் பெயர் சொல்லி வாங்கும் பழக்கம் அற்றுப்போகவில்லை. நெடுநாள் பூசியவர் தாமாகத் திடீரென நிறுத்தாமல் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவை நாடவேண்டும்.

வழக்கம் யாருடையது?

இதுவரை கூறியவை தம் குளியலையும் தம் கையையும் தாமே ஆளக்கூடியவர்க்கு எளியவை. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் கை நீரிலிருக்கும் நேரத்தை முடிவு செய்பவர் அவரல்லர். ஜெர்மனியின் பணிப் பாதுகாப்பு விதிகள், நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருக்கும் பணியை ‘ஈரப்பணி’ என வகுத்துத் தனிக் காப்பு கோருகின்றன. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இரசாயனங்களால் நேரும் தோல் அழற்சி இடம் பெற்றிருந்தது. ஆனால் வீட்டுச் சமையலறை தொழிற்சாலை ஆகாது. தொழிற்கூடத்தில் தொழில்நோய் எனப் பெயர் பெறுவது, சமையலறையில் ‘கை கொஞ்சம் வெடித்திருக்கிறது’ என்பதோடு முடிகிறது. வீட்டுப் பணியாளருக்கெனத் தனிச்சட்டம் குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு 2025 சனவரியில் உச்சநீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது. அக்குழுவின் பணியில் ஊதியமும் விடுப்பும் மட்டுமன்றிக் கையுறையும் இடம்பெறுதல் பொருத்தமாகும்.

கையுறையிலும் கவனம் தேவை. ரப்பர் உறைக்குள் வியர்த்த கையும் ஈரக்கையே. உள்ளே மெல்லிய பருத்தி உறை வேண்டும். கிழிந்த உறை சலவைநீரை உள்ளே தேக்கிவைக்கும். அதைவிட வெறுங்கையே மேல். குளிர்காலத்தில் குழாய்நீர் விரலை மரக்கச் செய்வதால் வெந்நீரில் துலக்குவதை எவரும் விரும்புவர். ஆனால் வெந்நீரும் சலவைப்பொருளும் சேர்ந்து தோலின் கொழுப்பை விரைந்து கரைக்கின்றன. இரண்டையும் கலந்த வெதுவெதுப்பான நீரும், குறைந்த அளவு சோப்பும், நீண்ட பிடியுள்ள தூரிகையும் போதும். பாத்திரங்களை முதலில் நீரில் ஊறவைத்தால் தேய்ப்பதும் பாதியாகக் குறையும்.

தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். வெடிப்பு மூடிக் கை நலமாகத் தோன்றிய பின்னும் சுவர் முழுவலிமை பெறச் சில மாதங்கள் பிடிக்கும். மூன்றாம் நாளே பயனில்லை என்று கைவிடுவோர் பலர். நரேலாவிலிருந்து ஜங்புராவரை பேருந்தில் வந்து பழைய வீடுகளிலேயே பணி தொடரும் பெண்ணுக்கு, வழியிலும் களிம்பு பூசிக்கொள்ளச் சொல்வது வெறும் அறிவுரை. துலக்கும் தொட்டியின் அருகே ஒரு சோடிக் கையுறையும் சிறு பெட்ரோலியம் ஜெல்லிப் புட்டியும் வைக்கவேண்டியவர் அவ்வீட்டுக்காரர்.