பந்து விழுந்ததற்குச் சாட்சி யார்?

ஜப்பானில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் எடுக்கும் இன்ஷூரன்சில் ஒரு வினோதப் பிரிவு உண்டு. அடிபட்டால், களவுபோனால் பணம் தருவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அங்கே ‘ஹோல் இன் ஒன்’ அடித்தாலும், அதாவது முதல் அடியிலேயே பந்து குழிக்குள் போய்விட்டாலும், கம்பெனி பணம் தரும்.

ஏனென்றால், அடித்தவருக்குச் செலவு காத்திருக்கிறது. கூட ஆடியவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். பெயரும் தேதியும் பொறித்த துண்டோ பந்தோ செய்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். மைதானத்தில் நினைவுக்கு ஒரு மரம் நடுவதும் உண்டு. பைகளைப் பார்த்துக்கொண்டு கூடவே வரும் உதவியாளரான கேடியின் கையில் பணக் கவர் வைக்க வேண்டும். வந்த அதிர்ஷ்டத்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் நாலு பேருக்குப் பங்கிட வேண்டும் என்பது அங்குள்ள எண்ணம். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வது போல, தட்டமுடியாத கடமை அது. பணம் புழங்கிய 1980களில் விருந்தும் பரிசும் பெருத்தன. இந்த இன்ஷூரன்சும் அப்போதுதான் பரவியது. ஆண்டுக்குச் சில ஆயிரம் யென் கட்டினால், பாலிசியைப் பொறுத்துப் பல லட்சம் யென் வரை செலவை ஈடுகட்டலாம்.

சாதாரண ஆட்டக்காரர் ஒரு பார்-3 குழியில், அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழியில், இதைச் சாதிக்க 12,500இல் ஒரு வாய்ப்புதான் என்பது அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கணக்கு தடுமாறும் நாட்களும் உண்டு. 1989 அமெரிக்க ஓப்பனில், ஓக் ஹில் மைதானத்தின் ஆறாவது குழியில், இரண்டு மணி நேரத்துக்குள் நான்கு பேர் முதல் அடியிலேயே பந்தைக் குழியில் போட்டார்கள். நால்வர் கையிலும் 7-அயர்ன் மட்டை. கொடி நின்ற இடம் சரிவின் அடிவாரம். மேலே விழுந்த பந்து உருண்டு குழியை நோக்கி வந்தது. 1973இல் ஸ்காட்லாந்தின் ட்ரூனில் 71 வயது ஆட்டக்காரர் ஜீன் சாரசன் எட்டாவது குழியில் ஹோல் இன் ஒன் அடித்ததை இன்றும் படத்தில் பார்க்கலாம்.

அவர்களைச் சுற்றிப் பார்வையாளர் கூட்டம் இருந்தது. நான்கு நண்பர்கள் மட்டும் ஆடும் ஒரு வேலைநாளின் மதியத்தில் யார் பார்ப்பது? முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நிற்பவருக்குப் பல குழிகளில் கொடியின் நுனிதான் தெரியும். பந்து குழியில் விழுந்ததா, தாண்டி ஓடியதா என்பது பக்கத்தில் போனால்தான் புரியும். நால்வரும் பேசிவைத்துக்கொண்டால் பொய்க்கும் பணம் கிடைத்துவிடும். அதனால்தான் கம்பெனிகள் கூட ஆடியவரின் கையெழுத்தோடு நிற்பதில்லை. ஆட்டத்தில் சேராத ஒருவரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஒருவர் பெரும்பாலும் கேடி.

அந்தக் கேடிதான் மறைந்துகொண்டிருக்கிறார். என் கவலை அதுதான். ஜப்பானில் கேடி வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரே ஆள் நால்வரின் பைகளையும் பார்த்துக்கொள்வார். தூரம் சொல்வார், காற்றைக் கவனிப்பார், குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனின் சரிவைக் காட்டுவார், பெயர்ந்த புல்லை மூடுவார். இப்போது ஆட்டக்காரர்களே வண்டியை ஓட்டிப்போகும் ஆட்டம்தான் அங்கே அதிகம். ஆள் கிடைப்பதில்லை, கேடி இல்லாவிட்டால் கட்டணம் குறைகிறது என்று மைதானக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் குறைவது கட்டணம் மட்டுமல்ல. மைதானத்தை அடி அடியாக அறிந்த ஒரு தொழிலே போகிறது. நம் நாட்டில் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேரும், 2009இல் வென்ற சின்னசாமி முனியப்பாவும் கேடிகளாக இருந்து மேலே வந்தவர்கள். கிளப்பில் சேர வசதியில்லாத பிள்ளை கோல்ஃபுக்குள் நுழைய அந்த ஒரு வாசல்தான் இருந்தது.

வீடியோப் பதிவைச் சாட்சியாக ஏற்கும் பாலிசிகள் வந்திருக்கின்றன. கிளெய்முக்கு அது போதும். ஆனால் சரிவைச் சொல்லித்தந்த ஆளுக்குப் போய்ச்சேர்ந்த கவர் இனி யாருக்கும் போகாது. பதினெட்டுக் குழிக்கும் கேடி வைக்க முடியாத மைதானங்கள், பார்-3 குழிகளின் கிரீன் ஓரத்திலாவது குழிக்கு ஒரு கேடியை நிறுத்தட்டும். சாதாரண மைதானத்தில் அவை நான்குதான். பிரீமியம் வசூலிக்கும் கம்பெனிகள் அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தரலாம். நம்பகமான சாட்சியால் முதலில் பயன்பெறுவது அவர்கள்தான்.