பேப்பர்ல இருக்கிற கருப்புக் கட்டம்: ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கம் தோட்டங்களில் ஒட்டப்படும் கோயில் திருவிழா சுவரொட்டியாகட்டும், நாளிதழில் வரும் தீபாவளி விற்பனை விளம்பரமாகட்டும், பல இடங்களில் இப்போ ஒரு கருப்பு வெள்ளைக் கட்டம் இருக்கு. அதுதான் கியூ.ஆர் குறியீடு. வீட்டில் பெரியவங்க "இது என்னப்பா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கதான்.

எங்கிருந்து வந்தது?

1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு இதை உருவாக்கியது. கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்கத்தான் முதலில் பயன்பட்டது. மூன்று மூலைகளில் இருக்கும் சதுரங்களை வைத்து, குறியீடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்பதைக் கேமரா கண்டுபிடிக்கும். உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அச்சிட்டால், சுமார் 30 விழுக்காடு வரை சேதமானாலும் படிக்க முடியும். மழையில் நனைந்த சுவரொட்டிகூட சில நேரம் வேலை செய்வது அதனால்தான்.

பேசும் விளம்பரமும் உண்டு

2010 செப்டம்பரில் இந்தியாவில் 'தி இந்து', 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழ்களைத் திறந்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம். பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னக் கருவி, வெளிச்சம் பட்டதும் வோக்ஸ்வாகன் காரைப் பற்றிப் பேசியது! ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் கருவி ஒட்ட எவ்வளவு செலவாகும்? கியூ.ஆருக்கு மை மட்டும் போதும். சின்னக் கடைக்காரரும் பயன்படுத்த முடிவது இதனால்தான்.

விளம்பரதாரருக்கு என்ன லாபம்?

குறியீடு இரண்டு வகை. நிலையான வகையில் இணைய முகவரி அப்படியே உள்ளே இருக்கும். அச்சான பிறகு மாற்ற முடியாது. மாறும் வகை முதலில் ஓர் இடைத்தளத்துக்குப் போய், பிறகுதான் உரிய பக்கத்தைத் திறக்கும். எத்தனை பேர், எந்த நேரத்தில், ஏறக்குறைய எந்த ஊரிலிருந்து ஸ்கேன் பண்ணாங்க என்பது இதில் தெரிந்துவிடும். அதாவது, நீங்க விளம்பரத்தைப் பார்க்கும்போது விளம்பரமும் உங்களைப் பார்க்குது.

ஆபத்து எங்கே?

கண்ணால் பார்த்து உள்ளே என்ன இருக்குன்னு யாராலும் சொல்ல முடியாது. கோயில் நன்கொடைப் பலகையில் இருக்கும் டூயிட்நவ் குறியீட்டின் மேல் வேறொன்றை ஒட்டிவிட்டால், பணம் வேறு கணக்குக்குப் போயிடும். அதனால் இதைச் செய்யுங்க:

• மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு விரலால் தடவிப் பாருங்க.
• பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெறுநர் பெயரைப் படிங்க. கோயில் பெயருக்குப் பதில் தெரியாத தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திடுங்க.
• ஸ்கேன் செய்ததும் செயலியைப் பதிவிறக்கவோ, வங்கிக் கடவுச்சொல்லைத் தரவோ சொன்னால் உடனே மூடிடுங்க.
• பணம் போயிடுச்சா? தாமதிக்காமல் வங்கியையோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைங்க.

நீங்களே சுவரொட்டி தயாரிக்கிறீங்களா?

ஒரு மீட்டர் தூரத்திலிருந்து ஸ்கேன் செய்ய, குறியீடு சுமார் 10 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்க. தோட்டத்தின் உள்பகுதியில் இணைய வேகம் குறைவாக இருக்கலாம். அதனால் காணொளிக்குப் பதில் எளிமையான பக்கத்தை இணையுங்க. பக்கத்திலேயே தொலைபேசி எண்ணையும் நாள், நேரம், இடத்தையும் தமிழில் அச்சிடுங்க. ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரணும் இல்லையா?