சிறிய ட்ரெயிலருக்கும் அங்கீகாரம் வேண்டும்

கமக்காரருக்கு ட்ரெயிலர் எவ்வளவு உதவி என்பதை எமது வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நெல்மூட்டை, விறகு, பசளை, தண்ணீர்ப் பீப்பா யாவும் அதில் ஏறும். 1995இல் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது முதியோரும் குழந்தைகளும்கூட உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறிச் சென்றார்கள். வெல்டிங் பழகிய இளைஞர்கள் இப்பெட்டிகளைத் தாமே செய்து விற்றுப் பிழைக்கலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் இரும்பை வெட்டி ஒட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா? விற்ற பெட்டி ஓடும் வீதியில் கழன்றால் எதிரே சைக்கிளில் வருபவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

இக்கேள்விக்கு அவுஸ்திரேலியா சட்டத்தின் மூலம் விடை தேடியிருக்கிறது. அங்கே காரின் பின்னால் கொளுவி இழுக்கும் சிறிய ட்ரெயிலர்கள் மிகுதி. பெரிய கம்பனிகளோடு சிறு பட்டறைகளும் அவற்றைச் செய்கின்றன. ஆகவே அந்நாட்டு நடைமுறையை நாம் அறிந்திருப்பது பயன் தரும்.

பழைய முறையும் புதிய முறையும்

முன்னர் அங்கே 1989ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையில் இருந்தது. சுமையோடு சேர்த்து 4.5 தொன்னுக்கு மேற்படாத ட்ரெயிலரைச் செய்பவர், அது விதிகளுக்கு அமைந்தது எனத் தாமே உறுதி கூறித் தகடு பொருத்தி விற்க முடிந்தது. 2018இல் நிறைவேற்றப்பட்ட வீதி வாகனத் தராதரச் சட்டம் 2021 யூலை 1 முதல் இதனை மாற்றியது. இப்பொழுது எந்த ட்ரெயிலரும் முதன்முதலாகக் கைமாறுமுன் அங்கீகரிக்கப்பட்ட வாகனங்களின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அதற்கு மத்திய அரசின் போக்குவரத்துத் துறை அங்கீகாரம் வழங்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. 12 மாதத்தில் 4 அல்லது அதற்குக் குறைந்த ட்ரெயிலர்களைக் கொடுப்பவர் சலுகை வழியில் விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் கொடுப்பவர் வகை அங்கீகாரம் பெறவேண்டும். சிறியவருக்கு வழி இலகுவாக்கப்பட்டுள்ளது; ஆனால் பாதுகாப்பு விதிகள் குறைக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டை நாம் கவனிக்கவேண்டும்.

இத்தோடு வேலை முடிவதில்லை. மத்திய அங்கீகாரம் விற்பதற்கு. வீதியில் ஓட்டுவதற்கு அந்தந்த மாநிலத்தில் வேறாகப் பதிவு செய்யவேண்டும்.

எதைப் பார்க்கிறார்கள்?

முதலாவது நிறை. ஒவ்வொரு ட்ரெயிலருக்கும் சுமையோடு சேர்ந்த உச்ச நிறையைச் செய்பவரே தீர்மானித்துத் தகட்டில் பொறிக்கவேண்டும். வெறும் ட்ரெயிலர் 250 கிலோ, உச்ச நிறை 750 கிலோ என்றால் ஏற்றக்கூடியது 500 கிலோ மாத்திரமே. தகட்டில் 750 என்று இருக்கிறதே என 750 கிலோ ஏற்றினால் மொத்தம் 1000 கிலோவாகிவிடும். அச்சும் சில்லும் கொளுவியும் அதனைத் தாங்குமெனச் செய்தவர் உறுதி கூறவில்லை.

இரண்டாவது பிறேக். கொளுவிய நிலையில் சில்லுகள் தாங்கும் நிறை 750 கிலோவுக்கு மேற்படாத ஒற்றை அச்சு ட்ரெயிலருக்குப் பிறேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை, ஓர் அச்சின் சில்லுகளுக்கேனும் பிறேக் வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சில்லுகளுக்கும் வேண்டும். ட்ரெயிலர் கழன்றால் பிறேக் தானாகவே பிடிக்கவும் வேண்டும்.

மூன்றாவது பாதுகாப்புச் சங்கிலி. உச்ச நிறை 2.5 தொன் வரை குறைந்தது ஒன்று, அதற்கு மேல் 3.5 தொன் வரை இரண்டு. கொளுவி கழன்றாலும் இழுவைச் சட்டத்தின் முனை நிலத்தில் குத்தாதபடி சங்கிலி பிடித்துக்கொள்ளவேண்டும். முனை குத்தினால் ட்ரெயிலர் குப்புற விழும் என்பதை அனுபவமுள்ள சாரதிகள் அறிவர்.

பின்விளக்கு, பிறேக் விளக்கு, திரும்பும் சமிக்ஞை விளக்கு, சிவப்பு ஒளிதெறிப்பான், மட்காட் என்பனவும் விதியில் உண்டு. ஒவ்வொரு ட்ரெயிலருக்கும் 17 எழுத்து, இலக்கங்கள் கொண்ட அடையாள எண்ணும் வேண்டும்.

கொப்பியும் ஒரு கருவியே

வகை அங்கீகாரம் கேட்பவர் ஒரு நல்ல ட்ரெயிலரைக் காட்டினால் போதாது. முதலாவது எப்படியோ ஐம்பதாவதும் அப்படியே இருக்கும் என்பதற்குச் சான்று காட்டவேண்டும். வரைபடம், வாங்கிய கொளுவியினதும் அச்சினதும் தாங்குதிறன் பற்றிய விபரம், செய்து முடித்தபின் பார்த்த சோதனைகள் யாவும் எழுத்தில் இருக்கவேண்டும். பின்னாளில் ஒரு குறை தெரியவந்தால், அந்த வகையிற் செய்த எல்லாவற்றையும் தேடித் திருத்த இந்தக் கொப்பியே உதவும். எழுதி வைக்காத பட்டறை, யாருக்கு எதை விற்றது என்றே தெரியாமல் தவிக்கும்.

நமக்குரிய பாடம்

அவுஸ்திரேலியச் சட்டம் இலங்கையில் செல்லாது. இங்கே இத்தொழிலைத் தொடங்க விரும்புவோர் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ன தேவை என்று கேட்டறியவேண்டும். இரும்பு வாங்கக் கடன் எடுக்குமுன் கேட்பதே புத்தி. செய்து முடித்தபின் பதிவு கிடையாது என்றால், கடனும் பெட்டியும் முற்றத்தில் நிற்கும்.

எனினும் எந்தச் சட்டமும் கேளாமலே நாம் இன்று செய்யக்கூடியவை சில உண்டு. பெட்டியின் வெறும் நிறையை நிறுத்துப் பாருங்கள். ஏற்றக்கூடிய அளவைப் பெரிய எழுத்தில் பெட்டியில் எழுதுங்கள். கொளுவியோடு சங்கிலியும் போடுங்கள். பின்பக்கத்தில் சிவப்பு ஒளிதெறிப்பானைப் பொருத்துங்கள். செய்த திகதி, பாவித்த இரும்பின் அளவு, வாங்கியவர் பெயர் ஆகியவற்றைக் கொப்பியில் குறித்து வையுங்கள்.

இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. அங்கீகாரம் கேட்கும் நாள் வரும்போது, முதலாம் நாள் தொடக்கம் எழுதிய கொப்பி கையில் இருப்பவர் பாதி வேலையை முடித்தவராவார்.