காத்தாடியும் கம்பி ஆன்டெனாவும்

‘காற்றாலைக் காத்தாடி சுற்றினால் டிவி படம் ஆடும் என்கிறார்களே, நிஜமா?’ என்று ஆண்டிபட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கம்பி ஆன்டெனா காலமென்றால் நிஜம்தான்.

1980களில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்ததும் நம் பக்கத்து மொட்டைமாடி ஆன்டெனாக்கள் எல்லாம் அதைப் பார்த்துத் திரும்பின. கோபுரத்திலிருந்து அலை நேராகவும் வரும், எதிலாவது பட்டுத் திரும்பியும் வரும். வீரபாண்டித் திருவிழாவில் பக்கத்துக் குழாய் பாடிய வரியையே தூரத்துக் குழாய் சற்றுப் பிந்திப் பாடுமே, அந்தக் கதைதான். திரையில் முகத்துக்கு வலப்பக்கம் இன்னொரு மங்கல் முகம் தெரியும்.

எனக்குப் பிடித்தது இதிலுள்ள கணக்கு. திரையில் படத்தை வரையும் ஒரு கோடு ஓடி முடிய 52 மைக்ரோ நொடி. அதில் ஒரு மைக்ரோ நொடிக்குள் அலை 300 மீட்டர் போய்விடும். காத்தாடி வீட்டுக்கு நேர் பின்னால் ஒன்றரைக் கிலோமீட்டரில் நின்றால், திரும்பி வரும் அலைக்கு 3 கிலோமீட்டர் கூடுதல் பயணம், 10 மைக்ரோ நொடித் தாமதம். அரசு கொடுத்த 14 அங்குல டிவியில் மங்கல் முகம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி விழும். ஸ்கேல் வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம்!

மேகமலையில் பட்டு வரும் நிழல் அசையாது. ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பித் தப்பிக்கலாம். காத்தாடி அப்படி விடாது. மூன்று இறக்கை, நிமிடத்துக்கு இருபது சுற்று என்றால் நொடிக்கொரு இறக்கை கடக்கும். அந்தத் தாளத்தில் படம் வெளுத்துக் கறுக்கும். காற்றுக்கேற்பக் காத்தாடி தலையைத் திருப்பினால், தொல்லை அடுத்த தெருவுக்குப் போகும். ஒலி மட்டும் பண்பலையில் வருவதால் பெரும்பாலும் கெடாது. இதையெல்லாம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தீபக் சென்குப்தாவும் தாமஸ் சீனியரும் ஆராய்ந்து 1979லேயே எழுதிவிட்டார்கள்.

பிரிட்டனில், டிவி கெட்டால் காற்றாலைக் கம்பெனியே சரிசெய்ய வேண்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை போடுவதுண்டு. இங்கே நிலத்தின் விலையைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. கண்டமனூர்ப் பக்கம் காத்தாடிகள் பெருகியபோது பெரும்பாலான வீடுகள் கேபிளுக்கு மாறியிருந்தன. 2022 வாக்கில் தூர்தர்ஷன் தரைவழி அனலாக் ஒளிபரப்பை நாடெங்கும் ஏறத்தாழ முழுதுமாக நிறுத்தியது. மாதக் கட்டணமே இல்லாமல் வந்துகொண்டிருந்த ஒன்று. ஏன் நிறுத்தினீர்கள் என்று நாமும் கேட்கவில்லை.

இப்போது வாசகர் வீட்டில் டிஷ் இருக்கும். தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் என்றால் அது தென்கிழக்கு வானில் சுமார் 68 பாகை உயரத்தை அண்ணாந்து பார்க்கும். காத்தாடி அதற்குக் குறுக்கே வரவேண்டுமானால் கொல்லையிலேயே நட்டிருக்க வேண்டும்.